ஹைடனுக்கு நூற்றுக்கும் மேல், பிராம்ஸுக்கு நான்கு: இடையில் சிம்பொனிக்கு என்ன நேர்ந்தது?

செவிச்செல்வம்:

அவையினர் அனைவருக்கும் வணக்கம்.

2025 மார்ச்சில் இளையராஜா தம்முடைய சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றிய நாள்களில் அந்தச் சொல்லை எல்லோரையும் போல நானும் பலமுறை உச்சரித்தேன்; ஆனால் அது எதைக் குறிக்கிறது என்று என் மகள் கேட்டபோது என்னால் தெளிவாக ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கி, இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, சிம்பொனிகளைக் காலவரிசைப்படி கேட்டு வருகிறேன். ஹைடனில் தொடங்கி, மோட்ஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி என்று நடந்து, இப்போது மாலரின் மூன்றாம் சிம்பொனியின் வாசலில் நிற்கிறேன். நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாது.

என் குழப்பம் இதுதான். ஹைடனின் தொடக்க காலச் சிம்பொனி ஒன்று இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மாலரின் மூன்றாம் சிம்பொனியிலோ முதல் பகுதி மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. முழுவதும் கேட்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர். எண்ணிக்கையோ நேர்மாறாகப் போகிறது: ஹைடனுக்கு 104 என்று எண்ணிட்டிருக்கிறார்கள், மோட்ஸார்டுக்கு 41, பீத்தோவனுக்கு 9, ஷூமனுக்கும் பிராம்ஸுக்கும் தலா 4. 'ஹைடன், மோட்ஸார்ட் வாழ்ந்த செவ்வியல் காலம் வடிவத்துக்கு உரியது, ஷூமன், பிராம்ஸ் வாழ்ந்த ரொமாண்டிக் காலம் உணர்ச்சிக்கு உரியது' என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படித்தேன். அதை என் செவி ஏற்க மறுக்கிறது. மோட்ஸார்டின் நாற்பதாம் சிம்பொனியைவிட உணர்ச்சி மிகுந்தது எது என்று எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உண்மையில் மாறியது என்ன? சட்ஜம் அசையாத இசையில் பழகிய காதுக்கு அந்த மாற்றத்தைப் பின்தொடர வழி உண்டா?

பழைய இசைத்தட்டு:

செவிச்செல்வம் அவர்களுக்கு வணக்கம். சிம்பொனி என்பது, இசைக்குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கப் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக எழுதப்படும் படைப்பு. இனி நீங்கள் தந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

1761இல் எஸ்டர்ஹாஸி என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனையில் ஹைடன் பணியில் சேர்ந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. அவர் சீருடை அணிய வேண்டும். நாள்தோறும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் முன்கூடத்தில் காத்திருந்து, அன்று இசை வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். இளவரசர் விரும்பும் இசையை எழுதித் தர வேண்டும். எழுதியதை வெளியார் எவருக்கும் கொடுக்கக் கூடாது. முதலில் அவர் கையில் இருந்த குழுவில் ஏறத்தாழ 15 பேரே இருந்தனர். அந்தச் சூழலில் சிம்பொனி என்பது அந்த வாரத்து நிகழ்ச்சிக்கான புதிய இசை. அடுத்த நிகழ்ச்சிக்கு அடுத்தது வேண்டும். இதனால் அது மட்டமாக இருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தம்மைக் குழப்ப அருகில் ஒருவரும் இல்லாததால் தனித்தன்மை பெறுவதைத் தவிரத் தமக்கு வேறு வழி இருக்கவில்லை என்று ஹைடனே முதுமையில் சொல்லியிருக்கிறார். ஒன்றை முயன்று பார்த்து, அது பலிக்கிறதா என்று அன்று மாலையே காதால் கேட்டு அறியும் வாய்ப்பு அவருக்குப் பின் வந்த பெரியவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

1791 முதல் 1795 வரை அவர் இலண்டனுக்காக எழுதிய கடைசிப் பன்னிரண்டில் நிலைமை மாறிவிட்டது. கேட்பவர் இளவரசர் அல்லர். காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கிய பொதுமக்கள். மறுநாள் நாளேடு விமரிசனம் எழுதும். அவர்களுக்கு ஹைடன் நான்கைந்து ஆண்டுகளில் பன்னிரண்டுதான் எழுதுகிறார், ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருக்கிறது. எண்ணிக்கை அப்போதே குறையத் தொடங்கிவிட்டது. பீத்தோவனின் முதல் சிம்பொனி 1800 ஏப்ரல் 2 அன்றும் ஒன்பதாவது 1824 மே 7 அன்றும் வியன்னாவில் அரங்கேறின. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒன்பது.

1827இல் பீத்தோவன் மறைந்த பிறகு நடந்ததே எண்ணிக்கையை நான்காகச் சுருக்கியது என்பது என் கருத்து. ஹைடன் காலத்துக் கேட்பவர் புதிய இசையைக் கேட்கவே வந்தார். இறந்தவரின் சிம்பொனியை மேடையேற்றும் வழக்கம் பெரிதாக இல்லை. 1835இல் லைப்சிக் நகரின் கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுவை மெண்டல்சோன் ஏற்றுக்கொண்ட காலத்தையொட்டி, மறைந்த மேதைகளின் படைப்புகளை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கம் ஐரோப்பா முழுவதும் வேரூன்றியது. அதன் பின் ஒருவர் சிம்பொனி எழுத அமர்ந்தால், அதே மேடையில் அடுத்த வாரம் ஒலிக்கப்போகும் பீத்தோவனுக்குப் பக்கத்தில் தம் படைப்பு நிற்க வேண்டும். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியின் முதல் பகுதியை 1862இலேயே தம் நெருங்கிய தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்கு அனுப்பிக் காட்டிவிட்டார். ஆனால் முழுப் படைப்பும் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒலித்தது 1876 நவம்பர் 4 அன்றுதான், அவருடைய 43ஆம் வயதில். இடையில் ஒருநாள், தமக்குப் பின்னால் ஓர் அசுரனின் காலடியோசை கேட்டுக்கொண்டே இருக்கும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என பீத்தோவனைக் குறித்து, நண்பரும் இசைக்குழு நடத்துநருமான ஹெர்மன் லெவியிடம் அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

இனி இசைக்குள் நடந்த மாற்றம். ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டுமானால், கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சிம்பொனியின் பாரம் தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது.

ஹைடனின் பெரும்பாலான சிம்பொனிகளில் அறிவுக்கு வேலை கொடுப்பது முதல் பகுதி. இரண்டாவது நிதானமான பாடல், மூன்றாவது மினுவெட் நடனம், நான்காவது துள்ளல். விருந்து முடிந்து வெற்றிலை மடிக்கும் நேரத்து மகிழ்ச்சி அதில் இருக்கும். 1772இல் எழுதிய நாற்பத்தைந்தாம் சிம்பொனி இதற்கு வியப்பான விதிவிலக்கு. கோடை மாளிகையிலேயே இளவரசர் தங்கிவிட்டதால் குடும்பத்தைப் பிரிந்து வாடிய வாத்தியக்காரர்களுக்காக, விரைவாக ஓடும் கடைசிப் பகுதியைத் திடீரென நிறுத்தி, மெதுவான ஓர் இசையை ஹைடன் தொடங்குகிறார். ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து எழுந்து செல்ல, இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சுகின்றன. முடிவே செய்தியாக இருக்க முடியும் என்பதை அவர் அன்றே கண்டுவிட்டார். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு அவர் கையில் ஒரு தனி நிகழ்வாகவே நின்றது.

மோட்ஸார்டின் கடைசிச் சிம்பொனியில், 1788 ஆகஸ்டில் முடித்த நாற்பத்தொன்றாம் சிம்பொனியில், நான்காம் பகுதியின் முடிவை மட்டும் பத்து முறை கேளுங்கள். அதுவரை தனித்தனியாக வந்த ஐந்து சிறு மெட்டுகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. விருந்தின் கடைசிப் பண்டம்தான் விருந்திலேயே கனமானது என்ற நிலை அங்கே தோன்றுகிறது.

பீத்தோவனின் ஐந்தாவது இதை விதியாக்கிவிட்டது. அதில் மூன்றாம் பகுதி முடிவதே இல்லை. டிம்பனி என்ற பெருமுரசு மட்டும் மிக மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிச் செல்வது போல் வயலின்கள் மேலே ஏறி, இடைவெளியின்றி நான்காம் பகுதியின் சி மேஜருக்குள் (சி என்ற சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு, நம் சங்கராபரணம் போல் ஒளியோடு ஒலிக்கும் சுர அமைப்பு) வெடிக்கின்றன. மூன்று பகுதிகள் முழுவதும் வாய் திறவாமல் காத்திருந்த ஊதுகருவிகளான டிராம்போன்களும் பிக்கோலோவும் கான்ட்ராபஸூனும் அப்போதுதான் சேர்கின்றன. முதல் மூன்று பகுதிகளும் நான்காவதை நோக்கிய பயணம் என்று ஆகிவிட்டது. ஒன்பதாவதிலோ கடைசிப் பகுதி முந்தைய மூன்றையும் சிறிது சிறிதாக நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, அதற்குப் பின் ஜெர்மானியக் கவிஞர் ஷில்லரின் கவிதைக்கான மெட்டைச் தாழ்குரல் தந்தி வாத்தியங்களான செல்லோக்களிலும் டபுள் பாஸிலும் ஏறத்தாழ முணுமுணுப்பாகத் தொடங்குகிறது.

அதற்கு மேல் எங்கே போவது? அடுத்த தலைமுறைகளின் கவலை முழுவதும் இதுவே. புரூக்னர் தம் எட்டாம் சிம்பொனியின் முடிவில் நான்கு பகுதிகளின் மெட்டுகளையும் ஒன்றாக அடுக்குகிறார். பிராம்ஸ் 1885இல் அரங்கேறிய நான்காவதில், செபாஸ்டியன் பாக்கின் 150ஆம் கான்டாட்டாவிலிருந்து (கருவியிசையோடு பாடும் படைப்பு) எடுத்துச் சற்றே மாற்றிய எட்டுத் தாளக்கட்டு நீளமுள்ள ஒரு வரியை முப்பது முறை வேறுபடுத்தி, வெற்றிக்கு மாறாமல், தொடங்கிய மைனரிலேயே (மேஜருக்கு மாறாக, இருண்டு ஒலிக்கும் சுர அமைப்பு) கடுமையாக முடிக்கிறார். சாய்கோவ்ஸ்கி ஆறாவதில், ஆரவாரமான அணிவகுப்பை மூன்றாம் இடத்தில் வைத்துவிட்டு, நான்காவதாக ஒரு புலம்பலை வைத்தார். செல்லோக்களும் டபுள் பாஸும் மங்கி அடங்குவதே முடிவு. 1893 அக்டோபர் 28 அன்று அதை அவரே நடத்தினார். ஒன்பது நாள்களில் மறைந்தார். மெதுவான முடிவு என்பது ஹைடனின் நாற்பத்தைந்துக்குப் பின் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து வேறொரு பொருளோடு திரும்பி வந்ததாக நான் கேட்கிறேன்.

சட்ஜம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் கச்சேரியில் தம்புரா நிறுத்திய சட்ஜம் மங்களம் வரை அசையாது. சிம்பொனியில் சட்ஜமே இடம் பெயர்கிறது. அந்தப் பெயர்ச்சியே நாடகம். மேஜரில் அமைந்த ஒரு முதல் பகுதியில், சிறிது நேரத்தில் பஞ்சமம் புதிய சட்ஜமாக ஏற்கப்படும். கிரக பேதத்தை இது நினைவுபடுத்தலாம், ஆனால் அதுவன்று. கிரக பேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க, சட்ஜம் நகர்வதால் வேறு இராகம் பிறக்கிறது. இங்கே மேஜர் என்ற அமைப்பும் சட்ஜத்துடன் சேர்ந்து நகர்கிறது. அதற்காகப் பழைய சுத்த மத்தியமம் பிரதி மத்தியமமாக உயர்கிறது. இரண்டாம் மெட்டைப் புதிய இடத்தில் நிறுத்தி, நடுவில் பல சட்ஜங்களில் அலைந்து, இறுதியில் எல்லாவற்றையும் வீட்டுச் சட்ஜத்தில் திரும்பச் சொல்வதைத்தான் சொனாட்டா வடிவம் என்கிறார்கள். ஹைடன் பல நேரங்களில் இரண்டாம் மெட்டே எழுதுவதில்லை; 104ஆம் சிம்பொனியில் முதல் மெட்டையே புதிய இடத்தில் மறுபடி வைக்கிறார். மெட்டு எது என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே அவருக்கு முக்கியம். காலம் செல்லச் செல்ல, வீடு திரும்பும் பயணம் நீண்டு, மாலரின் ஒன்பதாவதில் டி மேஜரில் தொடங்கிய படைப்பு அதைவிட அரைச் சுரம் கீழான டி பிளாட் மேஜரில் முடிகிறது. பழைய வீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

கொம்பூதி:

மேலே உள்ள மறுமொழியில் எனக்கு உடன்பாடே; ஆனால் மரத்தாலும் பித்தளையாலும் ஆன ஊதுகருவிகள் இல்லாமல் சிம்பொனியின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. நான் வெளிநாட்டில் ஒரு பொழுதுபோக்கு இசைக்குழுவில் பதினோரு ஆண்டுகளாக ஹார்ன் என்ற பித்தளைக் கொம்பு வாசித்து வருகிறேன். ஆகவே என் இருக்கையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஹைடன், மோட்ஸார்ட், பீத்தோவன் காலத்து ஹார்னில் வால்வு, அதாவது விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் விசை, கிடையாது. சுருட்டிய குழாய் ஒன்று, அவ்வளவே. அந்தக் குழாயின் நீளத்துக்கு இயல்பாக அமைந்த சுரங்கள் மட்டும் கிடைக்கும்; இடையில் உள்ளவற்றைக் குழலின் வாய்க்குள் கையை நுழைத்து அடைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது ஒலி மூடிப்போகும். சட்ஜம் மாறினால் குழாயின் ஒரு துண்டைக் கழற்றி வேறு நீளத் துண்டைச் செருக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். ஆகவே 'பல சட்ஜங்களில் அலைந்து' என்று நண்பர் எழுதிய இடங்களில் ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். வீடு திரும்பியதும் அவை முழங்கும். வீடு திரும்பியதை அக்காலக் கேட்பவருக்கு அறிவித்ததில் பாதி வேலை எங்கள் கருவியின் குறைபாடு செய்தது.

பீத்தோவனின் ஐந்தாவதில் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். முதல் பகுதியில் இரண்டாம் மெட்டுக்கு முன், ஹார்ன்கள் ஓர் அறைகூவலை ஊதும். ஈ பிளாட்டில் செருகிய ஹார்னுக்கு அது கச்சிதமாக அமையும். அதே அறைகூவல் பின்னால் சி மேஜரில் திரும்பும்போது அந்த ஹார்னால் அதை ஊத முடியாது, துண்டு மாற்றவும் நேரமில்லை. எனவே பீத்தோவன் அதைத் தாழ்குரல் மர ஊதுகருவிகளான பஸூன்களுக்குக் கொடுத்தார். வால்வு வந்த பிறகு பல இசைக்குழு நடத்துநர்கள் அதை ஹார்னுக்கே திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கள் குழுவில் இரண்டு விதமாகவும் வாசித்திருக்கிறோம். பஸூன்களில் அது சற்று மெலிந்து, வயதான குரலில் வருகிறது. எழுதியபடியே இருக்கட்டும் என்று ஒத்திகையில் வாதாடியவன் நான், ஹார்ன்காரனாக இருந்தும்.

1818இல் பெர்லினில் ஸ்டோல்ட்ஸல், புளூமெல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது எல்லாக் குழுக்களுக்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. பரவியதும் பித்தளை வாத்தியங்கள் எந்தச் சட்ஜத்திலும் எந்தச் சுரத்தையும் பாடக்கூடியவை ஆயின. புரூக்னரின் ஏழாவதில் மெதுவான பகுதியைக் கேளுங்கள்: வாக்னர் தம் இசை நாடகங்களுக்காகச் செய்வித்த நான்கு டியூபாக்கள் (தாழ்குரல் பித்தளைக் கருவிகள்) அதைத் தொடங்குகின்றன. வாக்னரின் முடிவு நெருங்குகிறது என்ற உணர்வோடு புரூக்னர் எழுதத் தொடங்கிய அந்தப் பகுதியில், 1883 பிப்ரவரியில் மரணச் செய்தி வந்த பிறகு சேர்த்த இறுதி வரிகளும் அந்தக் குரல்களுக்கே உரியவை. வால்வில்லாக் காலத்தில் இப்படி ஓர் இரங்கல் பாடவே முடியாது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பிராம்ஸ். தம் காலத்து வாசிப்பாளர்கள் வால்வு ஹார்னை ஊதுகிறார்கள் என்று தெரிந்தும், பழைய இயல் ஹார்னுக்கு எழுதுவது போலவே எழுதினார். முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் மூடுபனி விலகுவது போல வரும் ஹார்ன் தனியிசையை அவர் 1868இல் கிளாராவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக அனுப்பியிருந்தார், ஆல்ப்ஸ் மலை இடையர் ஊதும் கொம்பின் இசை என்று குறிப்பிட்டு. அதை ஊதும் ஒவ்வொரு முறையும் என் கை நடுங்கும். அதற்கான சுரங்கள் பழைய குழாயின் சுரங்களே.

அரங்கின் அளவையும் மறக்கக் கூடாது. 1781இல் திறந்த பழைய கெவண்ட்ஹவுஸ் அரங்கில் ஏறத்தாழ 500 பேர் அமரலாம். மாலரின் எட்டாம் சிம்பொனி 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக்கில் அரங்கேறியபோது மேடையில் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

செவிச்செல்வம்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு ஐந்தாவதை இரண்டு ஒலிப்பதிவுகளில் வைத்துக் கேட்டேன். ஒன்றில் பஸூன், மற்றொன்றில் ஹார்ன். இத்தனை நாள் கேட்டும் இதைக் கவனிக்கவில்லை. இப்போது இனி கவனிக்காமல் இருக்க முடியாது. சட்ஜம் பெயர்வதும் ஹைடனின் 104ஆம் சிம்பொனியில் மெல்லப் பிடிபடுகிறது.

இன்னும் ஓர் ஐயம். பெர்லியோஸ் தம் சிம்பொனிக்குக் கதை எழுதிக் கொடுத்தார் என்று படித்தேன். பிராம்ஸ் எதுவும் சொல்லவில்லை. மாலர் சொன்னாரா, இல்லையா என்பதே தெளிவாக இல்லை. கதையை அறிந்துகொண்டு கேட்க வேண்டுமா?

மூன்றாம் வரிசை:

கதை பற்றிய ஐயத்துக்கு விடை சொல்வதற்கு முன், பழைய இசைத்தட்டு அவர்களின் விளக்கத்தில் ஒரு குறையைச் சுட்ட வேண்டியிருக்கிறது. எல்லாச் சாலைகளும் பீத்தோவனுக்குப் போகின்றன, எல்லாச் சாலைகளும் அவரிடமிருந்து கிளம்புகின்றன என்ற ஒரு படம் அதில் உருவாகிறது. அது முழு உண்மையன்று.

தொடக்கமே ஹைடன் அல்லர். இத்தாலிய இசை நாடகத்துக்கு முன் வாசிக்கப்பட்ட, விரைவு, மெதுவு, விரைவு என்று மூன்று துண்டுகளாக அமைந்த முன்னிசைதான் சின்ஃபோனியா. அந்த வடிவத்தை நாடகத்திலிருந்து பிரித்துத் தனிக் கச்சேரி இசையாக வளர்த்தவர்களில் மிலான் நகரின் சம்மார்ட்டினி முக்கியமானவர். 1730களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். ஜெர்மனியின் மான்ஹைம் அரசவையில் யோஹான் ஸ்டாமிட்ஸ் வளர்த்த குழு, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக முழங்கும் கிரெஷெண்டோவுக்குப் பெயர்பெற்றது. அந்தக் குழுவை 1772இல் கேட்ட ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, தளபதிகளால் மட்டுமே ஆன படை என்று வியந்தார். மினுவெட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளாக எழுதும் வழக்கத்தை ஸ்டாமிட்ஸ் தொடர்ந்து கையாண்டார். 1778இல் மோட்ஸார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், நம்மிடமும் கிளாரினெட் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கியது அங்கே கேட்டதை நினைத்துத்தான். செபாஸ்டியன் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1773இல் எழுதிய ஆறு தந்தி வாத்தியச் சிம்பொனிகளைக் கேட்டால், உணர்ச்சி ரொமாண்டிக் காலத்தில் பிறந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். வாக்கியத்தின் நடுவில் மூச்சை நிறுத்துவது போன்ற அமைதிகள், எதிர்பாராத சட்ஜங்கள் என்று அவை இன்றும் கலங்கடிக்கின்றன.

பிற்காலத்திலும் அப்படித்தான். பாரிஸில் லூயிஸ் ஃபரென்க் 1840களில் மூன்று சிம்பொனிகளை எழுதினார். மூன்றாவது 1849இல் கான்செர்வத்வார் என்ற இசைக்கல்லூரியின் கச்சேரிக் கழகத்தின் மேடையேறியது. இசை நாடகமே எல்லாமாக இருந்த ஒரு நகரத்தில், ஒரு பெண், பணம் தராத இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறார் என்பதே போற்றத்தக்கது. அந்த ஜி மைனர் சிம்பொனியை உங்கள் வரிசையில் சேர்க்குமாறு உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இனிக் கதை. 1830 டிசம்பர் 5 அன்று பாரிஸில் பெர்லியோஸின் சிம்பொனி அரங்கேறியபோது அவர் எழுதிய கதைக்குறிப்பு முன்னதாகவே அச்சாகிப் பரவியிருந்தது: காதலில் தோற்ற இளைஞன் அபின் உண்டு காணும் கனவுகள். காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டு ஐந்து பகுதிகளிலும் வருகிறது. விருந்து நடனத்தில் எட்டிப் பார்க்கிறது; கொலைமேடையில் கத்தி விழும் கணத்துக்கு முன் பாதியில் அறுபடுகிறது; கடைசியில் சூனியக்காரிகளின் கூத்தில், கீச்சென்று ஒலிக்கும் சிறிய கிளாரினெட்டில் அலங்கோலமாகத் திரும்புகிறது. பீத்தோவன் மறைந்து மூன்றே ஆண்டுகள்! பீத்தோவனின் ஆறாவதிலேயே பகுதிகளுக்குத் தலைப்புகள் உண்டு. ஆனால் அது காட்சியைத் தீட்டுவதைவிட உணர்வை வெளிப்படுத்துவது என்று அவர் கவனமாகக் குறிப்பிட்டார். பெர்லியோஸிடம் அந்தத் தயக்கம் இல்லை. இந்தப் பாதையில் லிஸ்ட் இன்னும் நெடுந்தூரம் சென்று, ஒரே பகுதியாக அமைந்த சிம்பொனிக் கவிதை என்ற தனி வகையையே உருவாக்கினார்.

மாலரின் நிலை மிகவும் நுட்பமானது. அவருடைய முதல் சிம்பொனி 1889 நவம்பரில் புடாபெஸ்டில் ஒலித்தபோது சிம்பொனிக் கவிதை என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. பிறகு தலைப்புகளும் விளக்கங்களும் சேர்த்தார். 1896இல் பெர்லினில் வாசித்தபோது அவற்றோடு ஒரு முழுப் பகுதியையும் நீக்கிவிட்டு வெறும் சிம்பொனி என்றார். கதை அவருக்கு எழுதும்போது தேவைப்பட்ட கட்டுமானச் சாரம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிட்டார். ஆகவே பெர்லியோஸுக்குக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேளுங்கள், அது அவர் விருப்பம். மாலருக்கு முதலில் கேளுங்கள், விரும்பினால் பிறகு படியுங்கள்.

பழைய இசைத்தட்டு:

மூன்றாம் வரிசை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். மான்ஹைமைத் தாண்டிச் சென்றது என் தவறு. ஃபரென்க்கின் மூன்றாவதை நேற்றுத்தான் முதன்முறையாகக் கேட்டேன். அதன் கடைசிப் பகுதி என்னை இருமுறை கேட்கவைத்தது.

செவிச்செல்வம் அவர்கள் மாலரின் மூன்றாவதைத் தொடங்கும் முன் ஒரு சிறு வேலை செய்யட்டும். பீத்தோவனின் ஒன்பதாவதில் கடைசிப் பகுதியின் மெட்டைப் பாடிப் பழகிக்கொள்ளுங்கள். உடனே பிராம்ஸின் முதல் சிம்பொனிக்குச் சென்று, கொம்பூதி அவர்கள் சொன்ன ஹார்ன் இசைக்குப் பின்னர் வயலின்கள் தொடங்கும் அகன்ற மெட்டைக் கேளுங்கள். இரண்டும் உறவினர்கள் என்று அன்றைய கேட்பவர்களே கண்டுகொண்டார்கள். அதை யாரேனும் சுட்டினால் பிராம்ஸுக்குக் கோபம் வரும் என்று சொல்வார்கள். அந்த மெட்டும் காதில் இருக்கும்போதே மாலரைத் தொடங்குங்கள். எட்டு ஹார்ன்கள் ஒரே குரலில், துணை ஏதும் இன்றி, முரட்டுத்தனமாக ஊதும் முதல் வரி, பிராம்ஸின் அந்த மெட்டுக்கு மிக நெருக்கமானது. ஆனால் மேஜர் மைனராகியிருக்கிறது. பீத்தோவனும் பிராம்ஸும் பயணத்தின் முடிவில் கண்டடைந்த பாட்டை மாலர் முதல் அடியிலேயே எடுத்து வைத்துவிடுகிறார். அதன் பின் ஆறு பகுதிகள். கடைசிப் பகுதி மெதுவானது, பெரிதும் தந்தி வாத்தியங்களால் ஆனது. அதைத் தனியாகக் கேட்காமல், முந்தைய ஐந்தையும் கேட்ட களைப்போடு, ஒரே இரவில் கேளுங்கள். அன்று மட்டும் ஒரு மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள்.